கையை எடுத்தால் குரல் எங்கே போகும்? வர்ணனை மேசைக்கு மைக், டோக்பேக் கட்டுப்பாடு தெரிவு செய்தல்

தை பிறந்தால் பள்ளிக்கூட மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு விழத் தொடங்கிவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் முடியக் கழகங்களின் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும், பிறகு வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். முன்பென்றால் இதற்கெல்லாம் ஒரு மைக், ஒரு அம்ப்ளிஃபையர், மரத்தில் கட்டிய நாலு கூம்பு ஒலிபெருக்கி போதும். இப்போது யூரியூப்பிலும் பேஸ்புக்கிலும் நேரலை போக வேண்டும். பின்னேரம் இரண்டரைக்கு இங்கே ஓடும் அஞ்சல் ஓட்டத்தைக் கனடாவில் இருக்கும் பழைய மாணவர் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் பார்க்கிறார்.

அதனால் வர்ணனையாளருக்கு வேலை இரண்டாகிவிட்டது. ஊருக்குப் பேச வேண்டும். இடையில் ஊருக்குக் கேளாமல் தயாரிப்பாளரோடும் பேச வேண்டும். (தயாரிப்பாளர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வேப்பமரத்துக்குக் கீழே லப்டொப்போடு குந்தியிருக்கும் தம்பிதான்.) இந்த இரண்டாவது வழிக்குத்தான் டோக்பேக் என்று பெயர்.

"மிக்சரில் மியூட் பண்ணினால் போதாதா, தனிப் பெட்டி வாங்கத்தான் வேணுமா?" என்று கிளிநொச்சியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் கழகப் பொடியள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. பெண்கள் அஞ்சல் ஓட்டம் முடிந்து, நடுவர்களின் முடிவுக்காகக் காத்திருந்த நேரம். நேரலை மிக்சரில் இருந்த தம்பிக்குக் கையைக் காட்டினேன். அவன் மியூட்டை அழுத்திவிட்டுப் பெருவிரலை உயர்த்தினான். "சோத்துப் பார்சல் வந்திட்டுதா? எனக்கு மீன் வேண்டாம், முட்டை போடச் சொல்லு" என்றேன். நேரலையில் ஒரு சத்தமும் போகவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது. என் மைக் வயர் மேசைக்குப் பக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்து, ஒன்று நேரலை மிக்சருக்கும் மற்றது ஒலிபெருக்கிக்காரரின் மிக்சருக்கும் போயிருந்தது. நாங்கள் மூடியது ஒரு கதவை மட்டும். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் சில பிள்ளைகளுக்கு நான் முட்டை அண்ணைதான்.

அன்றிலிருந்து எந்தப் பெட்டியைக் கண்டாலும் முதலில் கேட்பது இதைத்தான்: பட்டனிலிருந்து கையை எடுத்தால் என் குரல் எங்கே போகும்? விலையும் கம்பனிப் பெயரும் அதற்குப் பிறகு.

## எதை வைத்து அளப்பது

கை எடுத்த நிலை. கோல் விழுந்தால் வர்ணனையாளர் எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்குவார். அந்த நேரம் மைக் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? விடை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் விடை தெரியாமல் மேசையில் இருக்கக் கூடாது.

பிரியும் இடத்துக்கு முன்னா, பின்னா. மைக் வயர் ஒலிபெருக்கிக்கும் நேரலைக்கும் பிரிவதற்கு முன்னால் பட்டன் இருந்தால் ஒரே அழுத்தில் இரண்டும் மூடும். பின்னால் இருந்தால் என் கதைதான் உங்களுக்கும்.

டோக்பேக்கை அழுத்தினால் பிரதான வழி தானாக மூடுமா. இரண்டு பட்டனை அடுத்தடுத்து அழுத்தி இரகசியம் பேசும் முறை, விளையாட்டுச் சூடு பிடித்தால் பத்து நிமிடம் தாங்காது.

சத்தம். மூடும்போதும் திறக்கும்போதும் "டப்" என்று அடித்தால், கூம்பு ஒலிபெருக்கியில் அது வெடி மாதிரி வரும்.

நிலை கண்ணுக்குத் தெரிகிறதா. கடைப் படத்தில் பட்டனின் சிவப்பு விளக்கு அழகாக எரியும். பங்குனி வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்கு அது எரிகிறதா அணைந்ததா என்று குனிந்து கையால் மறைத்துப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, விளக்குக்கு மேலே கூரை மாதிரி ஒட்டுகிறோம். சிரிக்க வேண்டாம், வேலை செய்கிறது.

கரண்டும் திருத்தமும். ஜெனரேட்டர் நின்றால் என்ன நடக்கும்? பழுதானால் வவுனியாவில் திருத்த ஆள் உண்டா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா?

## தெரிவு 1: மைக்கிலேயே உள்ள சுவிட்ச்

கழுத்தில் தள்ளு சுவிட்ச் உள்ள கை மைக் ஊரெங்கும் உண்டு. ஷூர் எஸ்எம்58 மைக்கிலும் சுவிட்ச் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை வருகிறது. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

நல்ல பக்கம்: வயர் எங்கே பிரிந்தாலும் இது அதற்கு முன்னால்தான் இருக்கிறது. மூடினால் எல்லா இடத்திலும் மூடும். கரண்டும் வேண்டாம். கெட்ட பக்கம்: டோக்பேக் என்ற பேச்சே இல்லை. கை எடுத்தால் கடைசியாக எந்தப் பக்கம் தள்ளினீர்களோ அங்கேயே நிற்கும். விளக்கு இல்லாததால், மூடிக்கிடக்கும் மைக்கில் அரைப் போட்டியை வர்ணித்த ஆட்களை எனக்குத் தெரியும். மலிவான மைக்குகளில் இந்தச் சுவிட்ச்தான் முதலில் கரகரக்கும், புழுதி அதன் சத்துரு.

தயாரிப்பாளர் பக்கத்துக் கதிரையில் இருந்தால் இது போதும். டோக்பேக்குக்குப் பதிலாகத் தோளில் ஒரு தட்டு.

## தெரிவு 2: மிக்சர் மியூட்டும் வட்ஸ்அப் கோலும்

எங்கள் பக்கத்தில் அதிகம் நடப்பது இதுதான். மைக்கை மூடுவது மிக்சரில் இருக்கும் தம்பி, தயாரிப்பாளரோடு பேச ஒரு காதில் போன். செலவு இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மறைந்திருக்கும் செலவு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஒன்று, சின்ன மிக்சர்கள் பலவற்றில் மியூட் பட்டனே கிடையாது. ஃபேடரையோ (ஒலியை ஏற்றி இறக்கத் தள்ளும் கட்டை) வொலியூம் திருகியையோ இறக்கி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பழைய இடத்துக்கு வருமா என்பது தம்பியின் கைப்பக்குவம். இரண்டு, சில மிக்சர்களில் டோக்பேக் என்று எழுதிய பட்டன் இருப்பதைக் கண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. அது மிக்சரில் இருப்பவர் மேடையில் இருப்பவரோடு பேசும் வழி. உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. மூன்று, போன். வட்ஸ்அப் கோலில் குரல் பிந்தித்தான் வரும். மைதானத்தில் ஆயிரம் பேர் கூடினால் சிக்னல் படுத்துவிடும், அதுவும் நேரலைக்கும் அதே சிக்னல்தான் என்றால் இரண்டுமே திணறும். போனை மைக் வயருக்குப் பக்கத்தில் வைத்தால் "டிக் டிக் டிக்" என்ற சத்தம் ஒலிபெருக்கியில் ஏறுவதும் உண்டு. பழைய 2ஜி சிக்னலில் இது மிக மோசம்.

இன்னொன்று: சிலர் நேரலையையே போனில் போட்டுக் காதில் கேட்டுக்கொண்டு வர்ணிக்கப் பார்க்கிறார்கள். நேரலை பல விநாடிகள் பிந்தி வரும். தன் குரலையே பிந்திக் கேட்டால் எப்பேர்ப்பட்ட வாயாடிக்கும் நாக்குக் குழறும். காதுக்கு வரும் ஒலியை மிக்சரிலிருந்து நேரே எடுக்க வேண்டும். ஒரு காதில் நிகழ்ச்சி, மறு காதில் தயாரிப்பாளர் என்று பிரித்தால் இன்னும் நல்லது.

வோக்கிடோக்கி வாங்கினால் என்ன என்று கேட்கலாம். இலங்கையில் வானலைக் கருவி வைத்திருக்க 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் அப்படியொரு சாமானைக் கையில் வைத்திருப்பது ஏன் நல்ல யோசனை இல்லை என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரே மிக்சர்தான், வயர் எங்கும் பிரியவில்லை, மிக்சரில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறார் என்றால் இந்த முறை ஓடும். இல்லையென்றால் ஒருநாள் முட்டை கேட்பீர்கள்.

## தெரிவு 3: ஊரில் செய்த இருமல் பெட்டி

வானொலிக் கலையகங்களில் அறிவிப்பாளருக்கு முன்னால் ஒரு பட்டன் இருக்கும். இருமல் வந்தால் அழுத்தலாம், அழுத்தியிருக்கும் வரை மைக் மூடியிருக்கும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்களுக்கு அறிவிப்பாளர்களுக்குத் தடிமன் வராது என்றொரு எண்ணம் இருந்தது. இந்தப் பட்டன் பற்றிப் பிறகுதான் தெரிய வந்தது.

இதையே சின்ன இரும்புப் பெட்டிக்குள் செய்யலாம். சோல்டர் பண்ணத் தெரிந்த ரேடியோக் கடைக்காரர் யாரும் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார். மைக்குக்கும் வயர் பிரியும் இடத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும்.

மூடும் பட்டனின் சூட்சுமம் இது. மைக்குக்கு வரும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வயரில் 1 தரை, 2ம் 3ம் ஒலி. மிக்சர் கேட்பது 2க்கும் 3க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. ஆகவே வயரை அறுக்கத் தேவையில்லை. அழுத்தும்போது 2ஐயும் 3ஐயும் ஒன்றோடொன்று ஷோர்ட் பண்ணினால் வித்தியாசம் இல்லாமல் போய்விடும், மைக் ஊமையாகும். "டப்" சத்தம் மிகக் குறைவு. மிக்சரில் 48 வோல்ட் ஃபாண்டம் (மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் கரண்ட்) போட்டிருந்தாலும் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட் இருப்பதால் ஒன்றும் குழம்பாது. மாறாக வயரை அறுத்துத் திறக்கும் சுவிட்ச் போட்டால், ஃபாண்டம் உள்ள இடத்தில் ஒவ்வொரு முறையும் வெடிக்கும். ரேடியோக் கடைக்காரர் பழக்க தோஷத்தில் அறுக்கத்தான் பார்ப்பார். பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

டோக்பேக்குக்கு இரண்டாவது பட்டன். இது இரட்டை முனை மாற்றுப் பட்டன், விட்டவுடன் திரும்பி வரும் வகையாக இருக்க வேண்டும். விட்டிருக்கும்போது 2ம் 3ம் பிரதான வழிக்கு, அழுத்தும்போது டோக்பேக் வழிக்கு. நான்கு முனைப் பட்டன் கிடைத்தால் அதே அழுத்தில் பிரதான வழியின் 2ஐயும் 3ஐயும் ஷோர்ட் பண்ணிவிடலாம். அப்போது அந்தரத்தில் கிடக்கும் வயர் ஜெனரேட்டர் இரைச்சலைப் பிடித்து ஒலிபெருக்கிக்குள் ஊற்றாது. டோக்பேக் வயரை நேரலை மிக்சரில் சும்மா கிடக்கும் இன்னொரு மைக் வழியில் செருகி, அதன் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, ஃபேடருக்கு முன்னால் பிரியும் ஒக்ஸ் என்ற துணை வழியாகத் தயாரிப்பாளரின் ஹெட்போனுக்கு அனுப்ப வேண்டும்.

குறைகள் உண்டு. டைனமிக் மைக்கோடு, அதாவது கரண்ட் இல்லாமல் ஓடும் மைக்கோடு மட்டும் வையுங்கள்; டோக்பேக் பட்டன் வயரை மாற்றிவிடுவதால் ஃபாண்டத்தையும் நிறுத்திவிடுங்கள். கொண்டென்சர் மைக் ஃபாண்டத்தில் ஓடுவது, டோக்பேக்குக்கு மாற்றும்போது குலுங்கும். பெட்டிக்குள் மின்சாரமே இல்லாததால் விளக்கும் இல்லை. எதிர்த்திசைக்கு, அதாவது தயாரிப்பாளர் உங்களோடு பேச, தனியாக ஒரு ஹெட்போன் அம்ப்ளிஃபையரும் வயரும் வேண்டும். நந்திக்கடல் பக்கம் உப்புக்காற்றில் ஒரு வருடம் போனால் பட்டன் முனைகள் பச்சை பிடிக்கும், கழற்றித் துடைக்க வேண்டும்.

ஆனாலும் எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஜெனரேட்டர் நின்று திரும்ப ஓடினாலும் பெட்டிக்கு இழப்பதற்கு எந்த நினைவும் இல்லை. கை எடுத்தால் குரல் ஊருக்குப் போகும், அழுத்தினால் போகாது. அவ்வளவுதான்.

## தெரிவு 4: அறிவிப்பாளர் கொன்சோல்

இதற்கென்றே செய்த மேசைப் பெட்டி. ஸ்டூடியோ டெக்னாலஜிஸ், கிளென்சவுண்ட் போன்ற கம்பனிகள் செய்கின்றன. நடுவில் பெரிய மைக் பட்டன், பக்கத்தில் டோக்பேக் பட்டன், ஹெட்போன் திருகிகள். உள்ளேயே மைக் அம்ப்ளிஃபையரும் ஃபாண்டமும் இருக்கும். டோக்பேக்கை அழுத்தினால் பிரதான வழி தானாக மூடிக்கொள்ளும், விட்டால் முன்பிருந்த நிலைக்குத் திரும்பும். தயாரிப்பாளர் பேசும்போது காதில் நிகழ்ச்சி ஒலி தாழ்ந்து அவர் குரல் மேலே வரும்படியும் ஒழுங்கு செய்யலாம். கொண்டென்சர் மைக்கிலும் சத்தமில்லாமல் மூடும். ஒருமுறை கை வைத்துப் பார்த்தால் விட மனம் வராது என்பது உண்மை.

விலை லட்சங்களில் போகும். அது தெரிந்த செலவு. தெரியாத செலவு அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. புதியவை பல டான்டே என்ற வலையமைப்பு ஒலியில் ஓடுவன. ஒரே ஈதர்நெட் வயரில் கரண்டும் ஒலியும் போகும், 100 மீற்றர் வரை இழுக்கலாம். ஆனால் அந்த வயருக்குக் கரண்ட் கொடுக்கும் நெட்வேர்க் சுவிட்ச் வேண்டும், மறு அந்தத்தில் டான்டே புரியும் மிக்சரோ மாற்றிப் பெட்டியோ வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு யூபிஎஸ் வேண்டும். பட்டன் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பழையவற்றில் அடியிலுள்ள குட்டிச் சுவிட்சுகளாலும் புதியவற்றில் கணினியாலும் அமைக்க வேண்டும். போட்டியன்று காலை அது தெரிந்த ஆள் வரவில்லையென்றால் லட்சம் ரூபாப் பெட்டி மேசைக்குப் பாரமாக இருக்கும்.

வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அப்போது ஒரு எச்சரிக்கை: பார்ட்டி லைன் என்று சொல்லும், எல்லோரும் ஒரே வயரில் பேசும் இன்டர்கொம் வகையும் அதே எக்ஸ்எல்ஆர் வயரைத்தான் பாவிக்கும். அதில் 30 வோல்ட் அளவில் கரண்ட் ஓடும். அந்த வயரை மைக் என்று நினைத்து மிக்சரில் செருகாதீர்கள். வயர்களுக்கு வேறு வேறு நிற டேப் சுற்றுவது பத்து நிமிட வேலை.

| | கை எடுத்தால் | டோக்பேக்கில் தானாக மூடுமா | நிலை தெரியுமா | கரண்ட் நின்றால் |
|---|---|---|---|---|
| மைக் சுவிட்ச் | விட்ட இடத்தில் | டோக்பேக் இல்லை | சுவிட்சைப் பார்த்தால் மட்டும் | பாதிப்பில்லை |
| மிக்சரும் போனும் | தம்பியின் கையில் | இல்லை | உங்களுக்குத் தெரியாது | மிக்சரோடு எல்லாம் போகும் |
| இருமல் பெட்டி | ஊருக்கு | ஆம் | விரலுக்குத் தெரியும் | பெட்டிக்குப் பாதிப்பில்லை |
| கொன்சோல் | நீங்கள் அமைத்தபடி | ஆம் | விளக்கு உண்டு, வெயிலில் மங்கும் | யூபிஎஸ் வேண்டும் |

## பட்டனை எப்படி நடக்க விடுவது

கொன்சோல் வாங்கியவர்களும் தடுமாறும் இடம் இது. மைக் பட்டனுக்குப் பொதுவாக நாலு நடத்தை உண்டு.

அழுத்தினால் மூடுவது, தனியாக நின்று விடாமல் பேசும் வர்ணனையாளருக்கு. கை ஓய்வாக இருக்கும்.

அழுத்தினால் திறப்பது, இடைக்கிடை மட்டும் பேசுபவருக்கு. புள்ளி வாசிப்பவர், இரண்டாவது வர்ணனையாளர், கோயில் அறிவிப்பாளர். பொங்கலன்று பிள்ளையைத் தொலைத்த தாய் மேசைக்குப் பக்கத்தில் நின்று அழும்போது, அந்தக் குரல் ஒலிபெருக்கியில் போகக் கூடாது. இதில் ஒரு பிழை எல்லோரும் விடுவார்கள்: விரலுக்கு முன் வாய் ஓடிவிடும், "வணக்கம்" என்றது "ணக்கம்" என்று போகும். அழுத்தி, ஒரு மூச்சு எடுத்து, பிறகு பேசப் பழக வேண்டும்.

தட்டினால் திறந்து மறுபடி தட்டினால் மூடுவது எனக்குப் பிடிக்காது. நிலையை நினைவில் வைத்திருக்க வேண்டும், விளக்கோ வெயிலில் தெரியாது. நிழலான உள்ளரங்கில் சரி.

நாலாவது கலப்பு. சட்டென்று தட்டினால் பூட்டிக்கொள்ளும், பிடித்திருந்தால் விடும் வரைதான். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் அவசரத்தில் பிடித்ததைப் பெட்டி தட்டியதாக எடுத்துக்கொள்ளும். பழகிய ஆளுக்கு மட்டும் கொடுங்கள்.

டோக்பேக் பட்டனில் விவாதமே வேண்டாம். விட்டால் விடும் வகைதான். அது பூட்டிக்கொண்டால் அழகான கோல் ஒன்றை நீங்கள் தயாரிப்பாளர் தம்பிக்கு மட்டும் வர்ணிப்பீர்கள், கனடாவில் இருப்பவர் போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

## யாருக்கு எது

வருடத்தில் ஒருநாள் விளையாட்டுப் போட்டி, தயாரிப்பாளர் பக்கத்தில்: சுவிட்ச் உள்ள நல்ல மைக். மிச்சக் காசுக்கு நல்ல வயர் வாங்குங்கள்.

தயாரிப்பாளர் மைதானத்தின் மறுகரையில், ஒலிபெருக்கியும் நேரலையும் வேறு வேறு ஆட்களிடம்: இருமல் பெட்டி. வன்னிக் கழகங்களில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன.

இரண்டு வர்ணனையாளர், மூன்று நாலு கமரா, கிழமைக்குக் கிழமை போட்டி, அல்லது நேரலையையே தொழிலாகச் செய்பவர்: கொன்சோல். அதுவும் முதலில் ஒன்று வாங்கி ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்குங்கள்.

கோயில்: அடியில் பட்டன் வைத்த மேசை மைக், அழுத்தினால் திறப்பது. டோக்பேக் தேவையே இல்லை.

எதை வாங்கினாலும் செய்தாலும், போட்டியன்று காலை சனம் வருவதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் மைதானத்துக் கடைசிக் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்க வேண்டும், இன்னொருவர் நேரலையை ஹெட்போனில் கேட்க வேண்டும். நீங்கள் டோக்பேக்கை அழுத்திக்கொண்டு ஒரு வசனம் சொல்ல வேண்டும். எங்கள் கழகத்தில் அந்த வசனம் நிரந்தரமாகிவிட்டது: "எனக்கு மீன் வேண்டாம், முட்டை போடச் சொல்லு." கூம்புக்குக் கீழே நிற்பவன் சிரித்தால் வயரை மாற்றிச் செருகியிருக்கிறோம்.